அச்சா, திரையா? வரி ஆலோசகர் குறிப்பு நூல் வாங்குவதற்கு ஒரு வழிகாட்டி

2024 செப்டம்பரில் எங்கள் ஈரோட்டு அலுவலகத்துக்கு ஒரு மஞ்சள் வியாபாரி வந்தார். ஜூலை 29 அன்று ஒரு காலி மனையை 18 லட்சம் ரூபாய்க்கு விற்றிருந்தார். 2005-06இல் 4 லட்சத்துக்கு வாங்கிய மனை அது. முன்கூட்டிய வரியின் இரண்டாம் தவணைக்கு 15ஆம் தேதி கெடு. மேசை மேல் பட்ஜெட் சூடு ஆறுவதற்குள் அச்சாகி வந்த புத்தம் புதிய கையேடு இருந்தது. அதைப் புரட்டி, ‘ஜூலை 23 முதல் விலைவாசிக் குறியீட்டுச் சலுகை கிடையாது, 12.5 சதவீதம்’ என்று சொல்லி, 14 லட்சம் ஆதாயத்துக்கு 1,75,000 ரூபாய் எழுதிக் கொடுத்தேன், செஸ் தனி.

“சார், நிதி மசோதாவை மக்களவையில் நிறைவேற்றும்போது அதை மாற்றிவிட்டார்களே,” என்றான் பக்கத்து மேசையில் இருந்த உதவியாளன். கணினித் திரையைத் திருப்பி, மின் தரவுத்தளத்தைக் காட்டினான். ஜூலை 23க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு, இந்தியாவில் வசிக்கும் தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் பழைய முறையில், வாங்கிய விலையை விலைவாசிக் குறியீட்டால் உயர்த்தி, 20 சதவீதக் கணக்கைப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். வாங்கிய ஆண்டின் குறியீடு 117, விற்ற ஆண்டின் குறியீடு 363 என்று வைத்துக் கணக்கிட்டால் மனையின் அடக்க விலை 12,41,026. ஆதாயம் 5,58,974. வரி 1,11,795. வித்தியாசம் 63,205 ரூபாய். என் கையேடு மசோதாவைப் பார்த்து அச்சிட்டது. சட்டமான பிறகு அதற்குத் தெரியாது.

‘இனி எல்லாம் திரைதான்’ என்று அன்று முடிவெடுத்திருந்தால் இந்தக் கட்டுரை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். அடுத்த ஆண்டு அதே உதவியாளன், 2017 பிப்ரவரியில் விற்ற ஒரு வீட்டைப் பற்றிய மேல்முறையீட்டுக்கு மனு தயாரித்தான். கட்சிக்காரர் வீட்டை வைத்திருந்தது 30 மாதம். திரையில் ‘24 மாதத்துக்கு மேல் என்றால் நீண்டகால ஆதாயம்’ என்று பார்த்து அப்படியே எழுதிவிட்டான். அசையாச் சொத்துக்கு 36 மாதம் 24 ஆனது 2017-18 நிதியாண்டிலிருந்துதான். அதற்கு ஒன்றரை மாதம் முன்பு நடந்த விற்பனைக்கு 36 மாதம். அலமாரியின் கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த 2016ஆம் ஆண்டுப் பதிப்புதான் காப்பாற்றியது. அந்த மனு அப்படியே போயிருந்தால் முதல் பத்தியிலேயே தோற்றிருப்போம்.

அச்சும் பிழை செய்யவில்லை, திரையும் பிழை செய்யவில்லை. அச்சு ஒரு தேதியில் உறைந்து நிற்கிறது. திரை இன்றைய தேதியோடு ஓடுகிறது. நம்முன் வரும் கேள்விக்கு அதற்கென ஒரு தேதி இருக்கிறது. எதை வாங்குவது என்பதை அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

படி 1: கேள்விகளைத் தேதிவாரியாகப் பிரியுங்கள்

கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் சட்டம் பார்க்க நேர்ந்த சந்தர்ப்பங்களை ஒரு தாளில் எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதினால் பெரிய வழக்குகள் மட்டும்தான் வரும். கோப்புகளைப் புரட்டி எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘எந்த ஆண்டின் சட்டம்?’ என்று குறியுங்கள்.

ரிட்டர்ன் தாக்கல், டிடிஎஸ், மாதாந்திர ஜிஎஸ்டி எல்லாம் இன்றைய சட்டத்தில் விழும். நோட்டீஸ், மறுமதிப்பீடு, மேல்முறையீடு எல்லாம் பழைய ஆண்டுகளில் விழும். ‘அடுத்த மாதம் விற்கட்டுமா, ஏப்ரலுக்குத் தள்ளட்டுமா?’ என்று கேட்பவரின் கேள்வி வரப்போகும் சட்டத்தில் விழும். அதற்கு எந்த அச்சு நூலும் உதவாது.

எங்கள் அலுவலகத்தில் எண்ணிப் பார்த்தபோது பாதிக்கு மேல் பழைய ஆண்டுக் கேள்விகள். எனக்கே வியப்பு. ரிட்டர்ன் மட்டும் தாக்கல் செய்யும் அலுவலகமாக இருந்தால் கணக்கு தலைகீழாக இருக்கும். இந்தத் தாளை எழுதாமல் விற்பனைப் பிரதிநிதியை அலுவலகத்துக்குள் விடாதீர்கள். அவருடைய தாளில் எல்லாமே உங்களுக்குத் தேவை என்றுதான் இருக்கும்.

படி 2: மூலம் எது என்பதில் தெளிவாக இருங்கள்

பலர் அச்சு நூலை மூலம் என்றும் திரையில் தெரிவதை அதன் நகல் என்றும் எண்ணுகிறார்கள். 2015 அக்டோபர் 1 முதல் மத்திய அரசிதழே மின்வடிவில்தான் வெளியாகிறது. அச்சுப் பிரதி நின்றுவிட்டது. ஆகவே இன்று நீங்கள் வாங்கும் தடித்த நூல்தான் நகல்.

இதற்கு ஒரு வழக்கு உண்டு. புல்வாமா தாக்குதலுக்கு இரண்டு நாள் கழித்து, 2019 பிப்ரவரி 16 அன்று, பாகிஸ்தானிலிருந்து வரும் பொருள்களுக்குச் சுங்கவரியை 200 சதவீதமாக உயர்த்தி அறிவிக்கை வந்தது. அது மின் அரசிதழில் ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 விநாடி. அன்று பகலிலேயே இறக்குமதிச் சீட்டைத் தாக்கல் செய்தவர்களுக்குப் பழைய வரியா, புதிய வரியா? பழைய வரிதான் என்று 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிவிக்கை அது ஏறிய நொடியிலிருந்துதான் உயிர் பெறுகிறது என்பது அதன் அடிப்படை. அதாவது வரிச் சட்டத்துக்குத் தேதி மட்டுமல்ல, கடிகாரமும் உண்டு. அச்சுப் புத்தகத்தின் அடிக்குறிப்பில் தேதி இருக்கும். நேரத்தை நான் பார்த்ததில்லை.

படி 3: இலவசமாகக் கிடைப்பதை முதலில் தீர்த்துவிடுங்கள்

வருமான வரித் துறையின் இணையதளத்தில் சட்டம், விதிகள், சுற்றறிக்கைகள், அறிவிக்கைகள் எல்லாம் இலவசம். ஜிஎஸ்டி, சுங்கம் ஆகியவற்றுக்கு மறைமுக வரிகள் வாரியம் அதேபோல் வைத்திருக்கிறது. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு அந்தந்த நீதிமன்றத் தளமும், பொதுவாகத் தேட இந்தியன் கானூனும் போதும். ஒரு மாதம் இவற்றை மட்டும் வைத்து வேலை செய்து பாருங்கள். எங்கே முட்டுகிறதோ அங்கேதான் காசு போட வேண்டும்.

எனக்கு முட்டியது மூன்று இடங்களில். தீர்ப்பு கிடைக்கும், ஆனால் அது பின்னால் மேல் நீதிமன்றத்தில் நிலைத்ததா என்று எளிதில் தெரியாது. சட்டம் கிடைக்கும், ஆனால் குறிப்பிட்ட ஒரு நாளில் அது எப்படி இருந்தது என்று பார்க்க அரைநாள் போகும். மூன்றாவது, உரை. ஒரு பிரிவு ஏன் அப்படி எழுதப்பட்டது, எந்த நீதிமன்றம் எங்கே தடுமாறியது என்று உட்கார்ந்து சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும். அது இலவசத் தளங்களில் இல்லை.

படி 4: அச்சில் எதை, எப்போது வாங்குவது

என் முதல் விதி: மசோதாவை வைத்து அச்சான நூலை வாங்காதீர்கள். நிதிச் சட்டம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற பிறகு வரும் பதிப்புக்குக் காத்திருங்கள். 2025இல் ஒப்புதல் மார்ச் 29 அன்றே வந்துவிட்டது. தேர்தல் ஆண்டான 2024இல் பிப்ரவரியில் ஒரு நிதிச் சட்டம், ஆகஸ்ட் 16 அன்று இன்னொன்று. அந்த ஆண்டு மார்ச்சில் வாங்கியவர், ஜூலையில் வாங்கியவர் இருவருமே ஏமாந்தோம். நான் இரண்டையும் வாங்கியவன்.

அட்டையில் ‘2025-26’ என்று இருப்பதை நம்பாமல் உள்ளே ‘எந்தத் தேதி வரையிலான திருத்தங்கள்’ என்ற வரியைத் தேடுங்கள். அந்த வரி இல்லாத நூலைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். பிழைத்திருத்தத் தாள் இணைத்திருந்தால் அது பதிப்பகத்தின் குறை என்று நினைக்காதீர்கள், நேர்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அச்சில் வாங்கத் தகுந்தவை, என் கணக்கில், இரண்டுதான். ஒன்று, பேர் ஆக்ட் என்று நாம் சொல்லும், உரையில்லாத சட்டப் பிரதி. மற்றொன்று, பெரிய ஆசிரியர்களின் விரிவுரை நூல். ஒரு பிரிவை அதன் அண்டை வீட்டாரோடு சேர்த்துப் படிக்க அச்சுதான் வசதி. திரையில் தேடி வந்து விழும்போது அந்தப் பிரிவு மட்டும் தனியாக நிற்கும். மேலே இருக்கும் அத்தியாயத் தலைப்பும் கீழே ‘ஆனால்’ என்று தொடங்கும் வரம்பு வாசகமும் கண்ணில் படாது. புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் ஆறு மாதம் அச்சுப் பிரதிதான் கொடுக்கிறேன். முணுமுணுப்பார்கள். கொடுக்கத்தான் செய்கிறேன்.

வரி விகிதப் பட்டியல்களை அச்சில் வாங்குவதை நிறுத்திவிட்டேன். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் பெரும்பாலும் 5, 18, 40 என்று சுருங்கியபோது, அதற்கு முந்தைய மாதம் வாங்கிய விகிதக் கையேடு மளிகைக் கடைப் பொட்டலத்துக்குத்தான் ஆகும். ஆகும் என்றேன், போடச் சொல்லவில்லை. ஆகஸ்ட் விற்பனைக்கு நோட்டீஸ் வரும்போது அதைத்தான் தேடுவீர்கள்.

படி 5: மின் தரவுத்தளத்துக்குத் தேர்வு வையுங்கள்

பெரும்பாலான நிறுவனங்கள் சில நாள் சோதனைக்குத் தருகின்றன. அந்த நாள்களில் பிரதிநிதி காட்டும் வழியில் போகாமல், விடை உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்விகளைக் கேளுங்கள். என் வினாத்தாள் இது:

மேலே சொன்ன 2017 பிப்ரவரி வீட்டு விற்பனை. அந்த நாளில் இருந்தபடி சட்டத்தைக் காட்டுகிறதா, இல்லை இன்றைய வாசகத்தோடு ஓர் அடிக்குறிப்பு போட்டு ஒதுங்கிக்கொள்கிறதா?

மத்திய ஜிஎஸ்டி சட்டம் 16(5). 2017-18 முதல் 2020-21 வரையிலான உள்ளீட்டு வரி வரவை (கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையை) 2021 நவம்பர் 30 வரை எடுத்திருந்தால் ஏற்கலாம் என்று 2024ஆம் ஆண்டின் திருத்தம் சொல்கிறது; ஆனால் அந்தத் திருத்தம் 2017 ஜூலை 1 முதலே இருந்ததாகக் கருத வேண்டும். திருத்தம் வந்த நாள், அது செல்லும் நாள் இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றனவா? முன்தேதியிட்ட திருத்தத்தில்தான் தரவுத்தளங்கள் தடுக்கி விழுகின்றன. 2023 பதிப்பு அச்சு நூலும் இங்கே கைவிட்டுவிடும்.

154 ஐ.டி.ஆர். 148, அதாவது ‘இன்கம் டாக்ஸ் ரிப்போர்ட்ஸ்’ என்ற தீர்ப்புத் தொகுப்பில் 154ஆம் தொகுதி, 148ஆம் பக்கம். வரி தவிர்ப்பு பற்றிய 1985ஆம் ஆண்டு மெக்டவல் வழக்கு. எண்ணை மட்டும் இட்டால் வருகிறதா? வந்தால், 2003இல் ஆசாதி பச்சாவ் வழக்கிலும் 2012இல் வோடஃபோன் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதை எப்படிக் கையாண்டது என்று கூடவே சொல்கிறதா? சொல்லவில்லை என்றால் நீங்கள் வாங்குவது கிடங்கு, வழிகாட்டி அல்ல. (ஐ.டி.ஆர். தொகுதிகள் 1933இல் தொடங்கியவை, நம் சென்னையிலிருந்து வருபவை. பழைய வக்கீல் வீடுகளில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வரிசையாக நிற்பது பெரும்பாலும் அவைதாம்.)

2011 ஜூலை 12க்கு முன்னும் பின்னும் தமிழ்நாடு மதிப்புக் கூட்டு வரி. 4 சதவீதம் 5 ஆன நாள் அது. மாநிலப் பழைய சட்டங்களில் பெரிய தரவுத்தளங்கள் பலவும் மெலிந்தே இருக்கும். பெட்ரோல், டீசல் இன்னும் 2006ஆம் ஆண்டு மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தின் கீழ்தான் இருக்கின்றன; பழைய நிலுவை வழக்குகளும் ஓய்ந்தபாடில்லை. 1959ஆம் ஆண்டு பொது விற்பனை வரிச் சட்ட நூலை வைத்திருப்பவர் அதை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

கடைசிக் கேள்வி, பிரிவு எண் மாற்றம். இதற்குத் தனியாகவே ஒரு படி வேண்டும்.

படி 6: இரண்டு சட்டங்களோடு வாழப் பழகுங்கள்

2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 536 பிரிவுகள், 23 அத்தியாயங்கள், 16 அட்டவணைகள். நாற்பது ஆண்டு நாக்கில் பழகிய எண்கள் போய்விட்டன. சேமிப்புக் கழிவுக்கான 80சி இப்போது 123. ரிட்டர்ன் தாக்கலுக்கான 139 இப்போது 263. 194 என்று தொடங்கி எழுத்துகளால் வால் நீண்டுகொண்டே போன டிடிஎஸ் குடும்பம் பெரும்பாலும் 393 என்ற ஒரே கூரைக்குள், அட்டவணையாக அடங்கிவிட்டது. வருமானம் ஈட்டிய ஆண்டை ‘முந்தைய ஆண்டு’ என்றும் அதற்கு அடுத்ததை ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்றும் சொன்ன இரட்டைக் குழப்பத்துக்குப் பதில் ‘வரி ஆண்டு’.

ஆனால் 1961ஆம் ஆண்டுச் சட்டம் சாகவில்லை. 2026 மார்ச் 31 வரை ஈட்டிய வருமானத்துக்கு அதுதான் சட்டம். மறுமதிப்பீட்டு நோட்டீஸ், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து மூன்றே கால் ஆண்டு வரை வரலாம். விடுபட்ட வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஐந்தே கால் ஆண்டு வரை. அதன் மேல் ஆணையர், தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் என்று ஏறினால் எத்தனை ஆண்டு என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். ஒரே கட்சிக்காரருக்குக் காலையில் பழைய சட்டப்படி பதிலும் மாலையில் புதிய சட்டப்படி ஆலோசனையும் எழுதும் காலம் இது.

இந்த இடத்தில் திரைக்குப் பெரிய பலம் உண்டு. பழைய எண்ணிட்டால் புதியதும், புதிய எண்ணிட்டால் பழையதும் வர வேண்டும். இரு திசையிலும் வருகிறதா என்று பாருங்கள். ஒப்பீட்டு அட்டவணையை அச்சிட்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன், அதுவும் உதவுகிறது. ஆனால் அட்டவணை ‘இதற்கு இது’ என்று மட்டும்தான் சொல்லும். வாசகம் மாறியிருக்கிறதா என்று சொல்லாது. எண்ணைப் பார்த்துவிட்டு இரண்டு வாசகங்களையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் படியுங்கள். பழைய தீர்ப்பு புதிய பிரிவுக்குப் பொருந்துமா என்பது அந்த ஒப்பீட்டில்தான் தெரியும்.

படி 7: விலையைக் கூட்டும்போது வரியையும் கூட்டுங்கள்

வரி ஆலோசகர்கள் தங்கள் சொந்தக் கணக்கில் கோட்டை விடும் இடம் இது. அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை. அச்சு வடிவமும் உள்ள மின்னூலுக்கு 5 சதவீதம். தரவுத்தளச் சந்தாவுக்கு 18. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்றால் அந்த 18 வரவாகத் திரும்பும். பதிவு இல்லாத சிறு ஆலோசகருக்கு அது முழுச் செலவு.

வருமான வரியில், சந்தா அந்த ஆண்டுச் செலவாகக் கழியும். தொழிலுக்கு வாங்கும் நூலுக்குத் தேய்மானம். ஆண்டு வெளியீடுகளுக்கு ஒரு காலத்தில் 100 சதவீதம் கிடைத்தது. 2017-18 நிதியாண்டு முதல் உச்ச விகிதமே 40 ஆகிவிட்டது. வரவில் பாதியை லாபமாகக் காட்டும் அனுமான வரி முறையில் இருப்பவர் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

இனி ஒப்பந்தம். எத்தனை பேர் ஒரே நேரத்தில் நுழையலாம்? சந்தா முடிந்தால் நீங்கள் சேமித்து வைத்த குறிப்புகள் என்ன ஆகும்? இரண்டாம் ஆண்டு விலை எழுத்தில் இருக்கிறதா? ஒரு நிறுவனத்திடம் நாங்கள் மூன்று ஆண்டு குறித்து வைத்த குறிப்புகள், புதுப்பிக்க இரண்டு வாரம் தாமதமானதில் போயே போய்விட்டன. புத்தகத்தில் பென்சிலால் எழுதியதை யாரும் பிடுங்க முடியாது. அன்றிலிருந்து, முக்கியமான எதையும் தேதியோடு நகலெடுத்து வழக்குக் கோப்பிலேயே வைக்கிறோம்.

படி 8: சரிபார்க்கும் ஒழுங்கு

தரவுத்தளங்களில் இப்போது செயற்கை நுண்ணறிவும் கூடவே வருகிறது. கேள்வியைக் கேட்டால் அழகாகப் பதில் எழுதித் தருகிறது, தீர்ப்புகளையும் தருகிறது. 2024 டிசம்பரில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பெங்களூரு அமர்வு வழங்கிய ஓர் உத்தரவில், இல்லவே இல்லாத தீர்ப்புகள் மேற்கோளாக இடம்பெற்றிருந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரிலும் ஒன்று, ஐ.டி.ஆர். தொகுதி எண், பக்க எண் சகிதம். உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்தத் தொகுதியை எடுத்து அந்தப் பக்கத்தை ஒருவர் திறந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

ஆகவே எங்கள் அலுவலக வழக்கம் இது. எந்த மேற்கோளும் மனுவில் ஏறும் முன், எழுதியவர் அல்லாத இன்னொருவர் தீர்ப்பின் முழு வாசகத்தைத் திறந்து, நாம் சொல்வதை அது சொல்கிறதா என்று படிப்பார். தீர்ப்புக்கு மேலே சுருக்கமாக இருக்கும் தலைக்குறிப்பைப் படித்தால் போதாது. தலைக்குறிப்பு பதிப்பாசிரியருடையது, நீதிபதியுடையது அல்ல. அறிவிக்கை என்றால் அரசிதழ்ப் பிரதி. விகிதம் என்றால் அன்றைய தேதியிட்ட நகல். முகமறியா முறையில், அதாவது நேரில் போகாமல் இணையம் வழியே, எல்லாமே பதிவேற்றமாகிவிட்டதால், எதிரே அதிகாரி இல்லை. ‘அது வந்து சார்…’ என்று வாயால் திருத்திக்கொள்ள வழியில்லை.

படி 9: அலமாரி

பழைய பதிப்புகளை எடைக்குப் போடாதீர்கள். குறைந்தது பத்து ஆண்டு வையுங்கள், கையில் நடக்கும் வழக்கு அதைவிடப் பழையது என்றால் அது முடியும் வரை. முதுகில் அச்சாகியிருக்கும் ஆண்டை நம்பாமல், ‘இந்தத் தேதி வரையிலான சட்டம்’ என்று தாள் ஒட்டி அந்த வரிசையில் அடுக்குங்கள். கரையானுக்கு வேப்பிலை வைத்துப் பார்த்தேன், பலனில்லை. சுவரை விட்டு நான்கு அங்குலம் தள்ளி இரும்பு அலமாரி போட்ட பிறகுதான் நின்றது.

இடம் இல்லாதவர்கள் விரிவுரை நூல்களில் ஒரு பதிப்பு விட்டு ஒரு பதிப்பு வைத்தாலும் போதும். சட்டப் பிரதி மட்டும் ஒவ்வோர் ஆண்டும் வேண்டும். அதிலும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கடைசித் திருத்தம் வரை அடங்கிய பிரதியை இரண்டாக வாங்குங்கள். ஒன்றை யாராவது ஒரு நண்பர் இரவல் கேட்டு வாங்கிப் போவார்.